பள்ளிக்கூடம் மவுனமாக இருக்கலாமா?

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் சுந்தரபாண்டியபுரம்.

ஆடி மாதம் வந்தால் இந்த ஊர் வயல்கள் மஞ்சள் நிறமாக மாறிவிடும். பார்க்கும் இடம் எல்லாம் சூரியகாந்திப் பூ! குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் இங்கேயும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

சினிமாக்காரர்களுக்கும் இந்த ஊர் மீது ஆசை உண்டு. 1992-ம் ஆண்டு வந்த "ரோஜா" படத்தின் கதாநாயகி, கதைப்படி இந்த ஊர்ப் பெண்தான்.

சினிமா பல நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. ஆனால், ஒரு கெட்ட பாடத்தையும் அது கற்றுக் கொடுத்திருக்கிறது.

பல படங்களில் நெளிந்து நடக்கும் ஒரு ஆண் வருவார். குழைந்து பேசுவார். கொட்டகை முழுவதும் சிரிக்கும். படம் முடிந்துவிடும்.

ஆனால், சிரிப்பு முடிவது இல்லை. மறுநாள் காலையில் அது பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுகிறது!

வகுப்பில் கொஞ்சம் மென்மையாகப் பேசும் பையன் ஒருவன் இருப்பான். பந்து விளையாடப் போகமாட்டான். அவனுக்கு அன்று முதல் புதுப் பெயர். அந்தப் பெயர் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை அவனை விடாது.

வயிற்று வலி

சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்தான் என்று இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊராகவும் இருக்கலாம்.

காலை மணி 8. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏய்யா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா?" என்று தாய் கேட்கிறாள்.

"வயிறு வலிக்கும்மா" என்கிறான் மகன்.

"நேத்தும் வயித்துவலி, இன்னைக்கும் வயித்துவலியா? உங்க அப்பா வந்தா என்ன சொல்லுவாகன்னு தெரியுமா?"

மகன் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

அவனுக்கு வயிற்று வலி இல்லை. பள்ளிக்கூடத்தின் கழிப்பறைப் பக்கம் நான்கு பையன்கள் நிற்பார்கள். தள்ளுவார்கள். கிள்ளுவார்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குத்தான் அவன் பயப்படுகிறான்.

இதைத் தாயிடம் சொல்லலாமே? சொல்ல முடியாது. "ஏன் உன்னை மட்டும் அப்படிக் கூப்பிடுகிறார்கள்?" என்று தாய் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அவனுக்கே பதில் தெரியாது. மற்றப் பையன்கள் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவனுக்கு அந்த எண்ணம் வரவில்லை. அவன் மனம் வேறு பக்கம் போகிறது. "உலகத்திலேயே இப்படி இருப்பது நான் ஒருவன்தானோ?" என்று நினைத்து நினைத்து மருகுகிறான்.

அவன் ஒருவன் அல்ல. அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

ஆணுக்கு ஆண் மீதும், பெண்ணுக்குப் பெண் மீதும் ஏற்படும் இந்த ஈர்ப்புக்கு இப்போது தமிழில் "தன்பாலீர்ப்பு" என்று பெயர்.

இது வேறு, திருநங்கை, திருநம்பி என்பது வேறு. ஆணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணருகிறவர் திருநங்கை. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண், தன்னை ஆண் என்றே உணருகிறார். அவர் விரும்புவது மட்டும் ஒரு ஆணை. இந்த வித்தியாசம் படித்தவர்கள் பலருக்கே தெரியாது.

371 பேர்

"பிள்ளைகள் விளையாட்டுக்குக் கேலி செய்வார்கள். இதைப் பெரிதுபடுத்தலாமா?" என்று சிலர் கேட்பார்கள்.

இதற்குப் பதில் ஒரு கணக்கில் இருக்கிறது.

சென்னையில் "சகோதரன்" என்று ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் கல்வி நிறுவனமான "யுனெஸ்கோ"வும் இந்த அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஒரு ஆய்வு நடத்தின. ஆய்வு அறிக்கை 2019-ம் ஆண்டு வெளிவந்தது.

தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநங்கைகள் முதலான 371 பேரிடம், "நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது என்ன நடந்தது?" என்று கேட்டார்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் படித்தபோது உடல் ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாக நூற்றுக்கு 60 பேர் சொன்னார்கள்.

ஆரம்பப் பள்ளியிலேயே பாலியல் தொல்லைக்கு ஆளானதாக நூற்றுக்கு 43 பேர் சொன்னார்கள்.

பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நூற்றுக்கு 18 பேர்தான்!

படிப்பை நிறுத்தியதற்கு இந்தக் கொடுமையும் ஒரு முக்கியக் காரணம் என்று சொன்னவர்கள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இது விளையாட்டா?

பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்பதற்காகச் சர்க்கார் மதியச் சாப்பாடு போடுகிறது. காலைச் சிற்றுண்டி போடுகிறது. புத்தகம் கொடுக்கிறது. சைக்கிள் கொடுக்கிறது. இவ்வளவும் கொடுத்து வரவழைத்த பிள்ளையை, ஒரு கேலிப் பேச்சு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இந்தப் பாடத்தைப் பள்ளியில் நடத்தலாமா, கூடாதா என்று பெரியவர்கள் வாதம் செய்கிறார்கள். ஆனால், பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கழிப்பறைச் சுவரில் நடக்கிறது. விளையாட்டு மைதானத்தில் நடக்கிறது. செல்போனில் நடக்கிறது. அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. அது ஒன்றுதான் குறை!

மதுரைப் பெண்கள்

2021-ம் ஆண்டு, மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பெற்றோர் சம்மதிக்கவில்லை.

"மகளைக் காணவில்லை" என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். போலீசார் தேடி வந்து விசாரித்தார்கள். பெண்கள் இருவரும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ்.

அவர் ஒரு காரியம் செய்தார். யாரும் எதிர்பாராத காரியம் அது.

இந்த விஷயம் தமக்குச் சரியாகப் புரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். சமுதாயத்தில் மற்றவர்களுக்கு இருக்கும் தப்பெண்ணம் தமக்கும் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஒரு மனநல நிபுணரிடம் மாணவரைப் போல உட்கார்ந்து பாடம் கேட்டார். அந்த நிபுணரையும், திருநங்கையான ஒரு டாக்டரையும் தமது குருமார்கள் என்றே உத்தரவில் எழுதினார்.

ஐகோர்ட்டு நீதிபதி! சட்டப் புத்தகங்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர். அவருக்கே இது புதுப் பாடமாக இருந்தது. ஏன்? அவர் படித்த பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நீதிபதிக்கே அப்படி என்றால், சுந்தரபாண்டியபுரத்துத் தாய்க்கு எப்படித் தெரியும்? அவளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

2021-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி அவர் உத்தரவு போட்டார். போலீசார் எப்படி நடக்கவேண்டும், டாக்டர்கள் எப்படி நடக்கவேண்டும் என்று அதில் வரிசையாகச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கும் சொன்னார். மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ளும்படி பாடத்திட்டத்தில் மாறுதல் வேண்டும். பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசவேண்டும். பிள்ளைகளின் குறையைக் கேட்க ஆலோசகர்கள் வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

மாறியதும் மாறாததும்

அந்த உத்தரவுக்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன.

மருத்துவப் புத்தகங்களில் இவர்களை இழிவாகக் காட்டும் பகுதிகள் இருந்தன. அவற்றைத் தவிர்க்கும்படி 2021-ம் ஆண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்கு எழுதியது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் சிகிச்சை கொடுப்பது டாக்டர் தொழிலுக்கு விரோதமான குற்றம் என்று 2022-ம் ஆண்டு அறிவித்தது.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு போலீசாரின் நடத்தை விதிகளைத் திருத்தியது. இவர்களையும், இவர்களுக்கு உதவுகிறவர்களையும் போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது என்று அதில் சேர்த்தது.

இவர்களை மரியாதையாகக் குறிப்பிடத் தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் 2022-ல் அரசு வெளியிட்டது.

டாக்டருக்குப் புத்தகம் மாறியது. போலீசாருக்கு விதி மாறியது. பத்திரிகைக்குச் சொல் கிடைத்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு?

அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

2021-ம் ஆண்டு, மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான "என்.சி.இ.ஆர்.டி." ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. திருநங்கை, திருநம்பியாக வளரும் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று அதில் எழுதி இருந்தது. நிபுணர்கள் கூடி எழுதியது.

கையேடு வெளிவந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் விளக்கம் கேட்டது. சில நாட்களுக்குள் கையேடு இணையதளத்தில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது! இது பற்றிச் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி வருத்தம் தெரிவித்தார்.

கையேட்டில் குறை இருந்தால் திருத்தி இருக்கலாம். நான்கு பக்கம் அதிகம் என்றால் குறைத்து இருக்கலாம். மொத்தமாக எடுத்துவிட்டால், வகுப்பில் நிற்கும் ஆசிரியர் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்?

தமிழ்நாட்டின் வழி

தமிழ்நாட்டுக்கு இது புதிய காரியம் அல்ல. திருநங்கைகள் விஷயத்தில் இந்த மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டி இருக்கிறது.

ஒரு காலத்தில் அவர்களைக் குறிக்கத் தமிழில் வசைச் சொற்கள்தான் இருந்தன. பிறகு "திருநங்கை" என்ற நல்ல சொல் வந்தது. 2008-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைக்கப்பட்டது.

நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் திருநங்கை. மதுரையில் பிறந்தவர். அவருக்கு 2019-ம் ஆண்டு "பத்மஸ்ரீ" பட்டம் கிடைத்தது. அவர் வாழ்க்கை தமிழ்நாட்டு 11-ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பாடமாக இடம் பெற்றது.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று? ஒன்றும் கெடவில்லை. பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போனவர்கள், இன்று "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். எல்லாரும் அப்படி மாறிவிடவில்லை. ஆனால், மாற்றம் தொடங்கிவிட்டது. நல்ல சொல், சர்க்கார் உத்தரவு, பள்ளிப் பாடம் மூன்றும் சேர்ந்தால் ஜனங்கள் மனம் மாறும் என்பதற்கு இது சாட்சி.

திருநங்கைகளுக்குத் திறந்த கதவு, தன்பாலீர்ப்பு கொண்ட பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மூடி இருக்கவேண்டும்?

நான்கு கேள்விகள்

இதை எதிர்ப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைகள் மீது உள்ள அக்கறையால்தான் எதிர்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும்.

முதல் கேள்வி: "இதைப் படித்தால் பிள்ளைகள் இப்படி ஆகிவிடமாட்டார்களா?"

ஆகமாட்டார்கள். இத்தனை காலம் பள்ளியில் ஆண்-பெண் கதைகளைத்தான் படித்தார்கள். சினிமாவில் ஆண்-பெண் காதலைத்தான் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் அவ்வாறே இருந்தார்கள். பாடம் படித்து ஒருவர் மனத்தின் ஈர்ப்பு மாறும் என்றால், அவர்கள் எப்போதோ மாறி இருக்கவேண்டுமே!

இது தொற்றும் நோய் அல்ல. நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-ம் ஆண்டு மே 17-ந் தேதி இதை நோய்ப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல டாக்டர்கள் சங்கமும் 2018-ல் இது நோய் அல்ல என்று அறிவித்துவிட்டது.

இரண்டாவது கேள்வி: "சின்னப் பிள்ளைகளிடம் இந்த ஆபாசத்தைப் பேசலாமா?"

ஆபாசத்தைப் பேசவே கூடாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. பாடப் புத்தகத்தில் கணவன்-மனைவி படம் இருக்கிறது. அதில் ஆபாசம் இருக்கிறதா? இல்லை. மனிதர்களைப் பற்றிச் சொல்வது வேறு. படுக்கை அறையைப் பற்றிச் சொல்வது வேறு. எந்த வகுப்பில் எதைச் சொல்லலாம் என்று ஆசிரியர்களும் மனநல நிபுணர்களும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

மூன்றாவது கேள்வி: "இது நம் நாட்டுப் பழக்கமா? வெளிநாட்டுச் சரக்கு அல்லவா?"

வெளிநாட்டில் இருந்து வந்தது எது என்று பார்க்கவேண்டும். இதைக் குற்றம் என்று சொன்ன சட்டம், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் 1860-ம் ஆண்டு எழுதப்பட்டது. இந்திய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவு அது. ஆயுள் தண்டனை வரை கொடுக்க அதில் இடம் இருந்தது.

2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வயது வந்த இருவர் மனம் ஒப்பி இருப்பது குற்றம் அல்ல என்றார்கள். இந்தத் தீர்ப்பை நாடு முழுவதும் பரப்பவேண்டும் என்று நீதிபதி நாரிமன் தமது தீர்ப்பில் எழுதினார். இத்தனை காலம் இவர்கள் பட்ட துன்பத்துக்கு வரலாறு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நீதிபதி இந்து மல்கோத்ரா எழுதினார். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

அந்த வெள்ளைக்காரன் நாட்டிலேயே என்ன நடந்தது? பள்ளிகளில் இதை ஊக்குவிக்கும்படி பேசக்கூடாது என்று 1988-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆசிரியர்கள் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகள் அடிபட்டாலும் பேசத் தயங்கினார்கள். பிறகு தவறு புரிந்தது. ஸ்காட்லாந்தில் 2000-லும் இங்கிலாந்தில் 2003-லும் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்து 2018-ம் ஆண்டு இதைப் பள்ளிப் பாடத்திலேயே சேர்க்க முடிவு செய்தது.

தமிழர்களும் வாழும் சிங்கப்பூரும் வெள்ளைக்காரன் விட்டுப்போன இதே போன்ற சட்டத்தை நீக்க 2022-ல் பாராளுமன்றத்தில் முடிவு செய்தது.

நான்காவது கேள்வி: "கணக்கும் இங்கிலீசும் வராத பிள்ளைக்கு இந்தப் பாடம் எதற்கு?"

நல்ல கேள்வி. கிராமத்துத் தகப்பனார் கேட்கும் கேள்வி. பாடச் சுமை அதிகம்தான். ஆனால், பயந்துகொண்டே உட்கார்ந்து இருக்கும் பிள்ளைக்குக் கணக்கு எப்படி ஏறும்? வகுப்பில் பயம் இல்லை என்றால்தான் மற்றப் பாடம் நடக்கும். இதற்குத் தனிப் புத்தகம் வேண்டாம். தனிப் பரீட்சையும் வேண்டாம். இருக்கும் புத்தகங்களில் சில பக்கங்கள் போதும்.

என்ன சொல்லித் தரலாம்?

6-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை ஒன்றே ஒன்று போதும். மனிதர்கள் பல விதம். மெதுவாகப் பேசும் ஆண் உண்டு. துணிச்சலாகப் பேசும் பெண் உண்டு. நடையையும் குரலையும் வைத்து யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யாராவது தொட்டால், அடித்தால், மிரட்டினால் உடனே பெரியவரிடம் சொல்லவேண்டும். இதைக் கற்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை.

9, 10-ம் வகுப்புகளில் விஞ்ஞானப் பாடம் இருக்கிறது. அங்கே, "சிலருக்கு ஈர்ப்பு வேறு விதமாக இருக்கும். அது நோய் அல்ல, குற்றமும் அல்ல" என்று இரண்டு வரி சேர்க்கலாம். அந்த இரண்டு வரி, பாயில் சுருண்டு படுத்திருக்கும் பையனுக்கு மருந்து போன்றது.

11, 12-ம் வகுப்புகளில் சட்டத்தின் கதையைச் சொல்லலாம். 1860-ல் என்ன சட்டம், 2014-ல் திருநங்கைகளுக்காக என்ன தீர்ப்பு, 2018-ல் என்ன தீர்ப்பு என்று வரிசையாகச் சொல்லலாம்.

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். 2023-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி, இவர்கள் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கச் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. அதைப் பாராளுமன்றம்தான் முடிவு செய்யவேண்டும் என்றது. 2025-ம் ஆண்டு மே மாதம், தன் தோழியுடன் வாழ விரும்பிய 25 வயதுப் பெண்ணை, அவள் விருப்பப்படி போகலாம் என்று சென்னை ஐகோர்ட்டு விடுவித்தது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்று சொல்ல முடியாது என்றது. இந்த இரண்டையும் மாணவர்கள் படிக்கட்டும். வாதம் செய்யட்டும். எந்தக் கட்சியைப் பேசினாலும் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொள்ளட்டும்.

இதற்கு எல்லாம் முன்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். வகுப்பில் ஒரு பையன் கேலி செய்யும்போது ஆசிரியரும் சேர்ந்து சிரித்தால், புத்தகத்தில் எத்தனை பக்கம் இருந்தும் பயன் இல்லை. "டேய், இந்த வகுப்பில் அந்தப் பேச்சு கூடாது" என்று ஆசிரியர் ஒரு தடவை அதட்டினால், அதுவே பெரிய பாடம்.

மவுனத்தின் விலை

பள்ளிக்கூடம் பேசாமல் இருந்தால் யாருக்கு லாபம்?

கயவர்களுக்குத்தான் லாபம். வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும் பிள்ளையை மிரட்டுவது எளிது. "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு வார்த்தை போதும். பணம் பறிப்பார்கள். அதைவிடக் கொடுமையும் செய்வார்கள். வீட்டில் சொல்லப் பயம் இல்லாத பிள்ளையை யாரும் அப்படி மிரட்ட முடியாது.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அதைப் பெண்ணைப் பெற்றவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

"கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி, இப்படிப்பட்ட மகனுக்குக் கல்யாணம் செய்து வைப்பவர்கள் உண்டு. நகை போட்டு, சீர் செய்து அனுப்பிய பெண், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் இரவெல்லாம் அழுவாள். அவனும் நிம்மதியாக இருக்கமாட்டான். இரண்டு குடும்பங்களும் பகையாகும். சரியான நேரத்தில், சரியான பாடம் கிடைத்திருந்தால் இந்த வீண் துன்பம் இல்லை.

பள்ளியில் நடத்தும் பாடம், அந்தப் பையனுக்கு மட்டும் அல்ல. அவனைக் கேலி செய்யும் நான்கு பேருக்கும் உரியது. நாளைக்கு அவர்களும் தகப்பனார் ஆவார்கள். அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை பிறக்கலாம்.

பாய் அருகே

பாடத்திட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை தாயும் தந்தையும் சும்மா இருக்கவேண்டியது இல்லை.

பிள்ளை அடிக்கடி "வயிறு வலிக்கிறது" என்று சொன்னால், சுக்கு வெந்நீர் கொடுங்கள். ஆனால், அதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் கையை ஓங்காதீர்கள். மந்திரவாதியிடமும், மாற்றிக் காட்டுவதாகச் சொல்லும் போலி டாக்டரிடமும் அழைத்துப் போகாதீர்கள். பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணில் பேசலாம். மனக் கஷ்டத்துக்கு யோசனை கேட்க 14416 என்ற எண் இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது.

சுந்தரபாண்டியபுரத்துத் தாய், பாய் அருகே உட்காருகிறாள்.

"யாருய்யா உன்னைய என்ன சொன்னது? எங்கிட்டச் சொல்லு. நீ எப்படி இருந்தாலும் எம்பிள்ளைதானய்யா!"

மகன் சுவர்ப் பக்கம் இருந்து திரும்புகிறான்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்தத் தாய்க்குப் பெரிய படிப்பு வேண்டாம். பிள்ளை மீது உள்ள பாசமே போதும். பள்ளிக்கூடம் வைத்து நடத்தும் சர்க்காருக்கும் அந்தப் பாசம் வரவேண்டும். வந்தால், புத்தகத்தில் நான்கு பக்கம் சேர்ப்பது பெரிய காரியமாகத் தெரியாது.